சொந்த ரத்தத்தில் ஊசி

இத்தாலியின் பலெர்மோ நகரப் பேருந்தில் என் இருக்கையை ஒட்டி நின்ற இரண்டு தமிழர்களில் ஒருவன், "என்ரை ரத்தத்தையே எடுத்து என்ரை குதிக்காலுக்கை குத்துறாங்கள்" என்றான். நான் இறங்க ஆறு நிறுத்தங்கள் இருந்தன.

"முதல் போட்ட கோர்ட்டிசோன் ஊசி?"

"அது ரெண்டு நாளிலை நோவை எடுத்துப்போட்டுது, மச்சான். ஓட வேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர். நான் போட்டியிலை ஓடினனான். நரம்பு இன்னும் கிழிஞ்சுபோச்சு. இந்த ரத்த ஊசி மெதுவாத்தான் கேக்குமாம், மாசக்கணக்காகும்."

"நீ வேலைசெய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவுக்குச் சொன்னியோ?"

"எப்பிடிச் சொல்லுறது? வேலை போயிடுமெண்ட பயத்திலை, அவவின்ரை படியிலை வழுக்கினதெண்டு சொல்லிப்போட்டன். படிக்கு மெழுகு பூசச் சொன்னது தன்ரை பிழையெண்டு அழுறா. ஒவ்வொரு ஊசிக்கும் கூட வாறா. அந்தா, முன்னுக்கு இருக்கிறா."

"இண்டைக்குச் சொல்லு."

"ஓம், வீட்டை போய்ச் சொல்லுறன்."

மூன்றாவது நிறுத்தத்தில் அந்த மூதாட்டி கைத்தடியை ஊன்றி எழுந்து, அவனைக் கூப்பிட்டுத் தன் இருக்கையைக் காட்டினார். எண்பது வயதுக்குக் குறையாது.

"இப்பவே சொல்லடா" என்றான் மற்றவன்.

அவன் போய் உட்கார்ந்தான். மிச்சம் மூன்று நிறுத்தங்களும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் தலை நிமிரவில்லை. நானும் என் இருக்கையை விட்டு எழவில்லை.