இடம் மாறிய நாலும் ஒன்பதும்

இந்த அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, டாக்டரம்மா. இப்படி ஒரு ஜன்னல் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் தம்பி இன்னும் கொஞ்ச நாள் தானே படித்திருப்பான். அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டது ஏன் என்று தெரிகிறது. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவனை நான்தான் வளர்த்தேன். எனக்கும் கல்யாணப் பேச்சு வந்தது, வாசலோடு திரும்பிப் போனது. அவனுக்குக் கணக்கு என்றால் உயிர். தெருவில் அவனுக்கு ‘மீதி’ என்று பெயர். கடைக்காரர்கூட, "என்ன மீதி, இன்னைக்காவது சரியா வகுபட்டுச்சா?" என்பார். அவனும் சிரிப்பான்.

தூரத்து ஊர்க் கணித நிலையம் ஒன்று பத்திரிகையில் ஓர் எண்ணை அச்சடித்திருந்தது. நூறு இலக்கத்துக்கும் மேல். அது பகு எண், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்தது. பகு எண்தானா என்று சீக்கிரமே சோதித்துச் சொல்லிவிடலாமாம். எந்த இரண்டைப் பெருக்கியது என்பதுதான் லேசில் தெரியாதாம். உடையும் என்று தெரியும், எங்கே தட்டினால் உடையும் என்று தெரியாது. கண்டுபிடிப்பவருக்கு அங்கேயே வேலை, தங்க இடம்.

"கிடைச்சுட்டா நான் போயிடுவேன் அக்கா. உனக்கும் பாரம் குறையும்" என்றான். பாரம் என்று நான் எப்போது சொன்னேன்?

அப்போதே அவன் கண்ணுக்குப் பொடி எழுத்து தெரியாது. நான் ஒவ்வொரு இலக்கமாகப் படிப்பேன், அவன் கம்ப்யூட்டரில் தட்டுவான். முடிந்ததும் தாளில் உள்ள இலக்கங்களை நான் கூட்டுவேன். அவன் தட்டியதைக் கம்ப்யூட்டர் கூட்டும். இரண்டும் ஒன்றானால் பிழையில்லை. ஆனால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. "அந்த ஒரு தப்பு இந்த வலையில சிக்காது" என்று அவனேதான் ஒருநாள் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தான். நடுவில் நாலு, ஒன்பது என்று வந்தது. ஒன்பது, நாலு என்று படித்தேன். குரல் பிசிறவில்லை.

மாறின எண் ஏழு, பதின்மூன்று மாதிரி சின்ன எண்ணிலேயே உடைந்திருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். உடையட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அதுவோ கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது. மாதக்கணக்கில் கம்ப்யூட்டர் ஓடியது, அவன் மெலிந்தான். சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் போய் நிற்பேன். வாய்வரைக்கும் வரும். சொன்னால் போய்விடுவானே.

கடைசியில் உடைந்தது. தெருவே வந்து கை குலுக்கியது. நிலையத்துக்காரர் போனில், பெருக்கினால் வேறு எண் வருகிறது, எடுத்து எழுதும்போது எங்கேயோ பிசகியிருக்கும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். தம்பி ரொம்ப நேரம் தன் விரல்களையே தடவிக்கொண்டிருந்தான்.

"நீ சரியாத்தான் படிச்சிருப்ப அக்கா. என் கைதான் முந்திக்கிச்சு" என்றான். பழையதை அழித்துவிட்டு, "மறுபடி படி" என்றான்.

படித்தேன். இந்தத் தடவை வேறு இரண்டு இலக்கங்கள்.

அந்த வாரம்தான் உங்களிடம் வந்தோம். சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டால் பார்வை இதற்குமேல் போகாது, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு தானே படிக்கலாம் என்றீர்கள். வாசலைத் தாண்டுவதற்குள், "அப்படின்னா முதல் வேலையா அந்தப் பக்கத்தை நானே ஒரு தடவை படிச்சுப் பாத்துடறேன்" என்றான். முகமெல்லாம் சிரிப்பு.

மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டீர்கள். உங்கள் மருந்தில் குற்றமில்லை, கண்ணு. நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். மருந்தைக் கொட்டிவிட்டு அதே குப்பியில் தண்ணீர் நிரப்பினேன். காலையும் மாலையும் என் மடியில்தான் தலை வைத்துப் படுப்பான். நான்தான் விடுவேன். இப்போது விளக்கு எரிகிறதா என்றுகூட என்னைத்தான் கேட்கிறான்.

பச்சைத் தண்ணீர் இல்லை, டாக்டரம்மா. காய்ச்சி, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டினது. அவன் கண்ணில் ஒரு தூசு பட விடமாட்டேன்.