வலப்பக்கமே ஓடும் பட்டம்

ஷாரன்: பதினஞ்சு வருசமா ஜாக்கெட்டு தைக்கிறேன். கோவில்பதாகைல ஒருத்தி வந்து கை கோணலா கீதுன்னு சொன்னதில்ல. நீ ஒரு பட்டத்த வெச்சி என் மானத்த வாங்குற.

ஜாக்சன்: மொதல் பட்டத்துக்கு ரெண்டு றெக்கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டுனது யாரு? ரெண்டு கையும் எடது கையா வெச்ச ஜாக்கெட்டு மாரி...

ஷாரன்: எப்பவும் துணிய மடிச்சிப் போட்டு வெட்டுவேன். ஒரு ஜோடி தானா வந்துரும். இந்த பாராசூட் துணி வழுக்கிகினே கீதேன்னு மடிக்காம ஒத்தையா போட்டு வெட்டுனேன்... நீயும் பக்கத்துலதான நின்ன? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?

ஜாக்சன்: நான் சார்ட்டுல பாயின்ட் அஞ்சு மில்லி கூட தப்பாம வரஞ்சு குடுத்தேன். என் வேல அதோட முடிஞ்சுது.

ஷாரன்: ஆமா, பெரிய லேத்து ஆப்பரேட்டரு. துணிக்கு மில்லி கணக்கு.

ஜாக்சன்: லேத்து ஆப்பரேட்டரா... அது நாளைக்கி தெரியும்.

ஷாரன்: ...சரி, கைய நீட்டு. செவப்பு பட்டி போட்ட நூலு எடது கைக்கு. வலிக்குதா?

ஜாக்சன்: இல்ல.

ஷாரன்: நெசமா சொல்லு.

ஜாக்சன்: பிளேட்டு வெச்ச எடம் காலைல கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. இப்ப இல்ல. சர்ச்சுல பாட்டு புக்கு எடது கைலதான புடிச்சிகினு இருந்தேன், பாத்தல்ல?

ஷாரன்: பாத்தேன். மூணாவது பாட்டுல சத்தமில்லாம வலது கைக்கு மாத்திகின. அதயும் பாத்தேன்.

ஜாக்சன்: நீ இன்னா ஜெபம் பண்ண வந்தியா, என் கைய வேடிக்க பாக்க வந்தியா?

ஷாரன்: இன்னிக்கி எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். மொகத்த அப்டி வெச்சிக்காதபா. ஸ்டூல் மேல ஸ்டூல் போட்டு மொட்ட மாடில ஸ்டார் கட்ட சொல்லி யாரு உன்ன கேட்டா? ஏசு பொறந்ததுக்கு ஊரே கேக்கு வெட்டுச்சு, நீ மணிக்கட்ட ஒடச்சிகின.

ஜாக்சன்: ஏழு மாசம் ஆவுது ஷாரு. ஏழு மாசமா மண்ணூர்பேட்டை கம்பெனிக்கி போறேன், ஸ்டோர்ஸ்ல உக்காந்து நட்டு போல்ட்டு எடுத்து குடுக்கறேன், வரேன். என் மிஷின்ல வேற எவனோ நிக்கிறான். டீ குடிக்க போனா கூட அந்தப் பக்கம் போறதில்ல நானு.

ஷாரன்: தெரியும்.

ஜாக்சன்: நாளைக்கி எட்டு மணிக்கி நிக்க வெச்சி பாப்பாங்க. சூப்பர்வைசர் ராகவன் சார் பக்கத்துலயே நிப்பாரு. லேத்து சக்குல இரும்பு ஜாப மாட்டி, சாவிய ரெண்டு கையால புடிச்சி இறுக்கணும். எடது கை உட்டுச்சுன்னா அவ்ளோதான். ரிடையர் ஆவற வரைக்கும் ஸ்டோர்ஸு.

ஷாரன்: உடாது.

ஜாக்சன்: பட்டத்தயே நேரா வெக்க முடில. மேல போனதும் வலதுபக்கமே ஓடுது. இந்த கைக்கு தெம்பு இருந்தா ஏன் ஓடுது?

ஷாரன்: அது என் தையல் கோணல். எத்தினி வாட்டி சொல்றது?

ஜாக்சன்: உம்.

ஷாரன்: இன்னா உம்?

ஜாக்சன்: ஒண்ணுமில்ல. காத்து நல்லா கீது இன்னிக்கி... ஏரி பக்கத்துலேந்து ஒரே சீரா வருது.

உத்தமன்: அலோ... அலோ... இன்னா நடக்குது இங்க? பட்டமா உடுறீங்க?

ஷாரன்: போச்சு. வாட்ச்மேன்.

உத்தமன்: பருத்திப்பட்டு ஏரி பார்க்குல பட்டம் உடுறவன் யாருன்னு ஓடியாறேன், பாத்தா பெரிய மனுசங்க. மாஞ்சா கீதா? போன மாசம் கூட ஒருத்தன புடிச்சி ஸ்டேசன்ல குடுத்தேன். வண்டில போறவன் கழுத்து அறுந்தா யாரு பதில் சொல்றது?

ஜாக்சன்: தடவிப் பாருங்க தலைவரே. பயப்படாம தடவுங்க.

உத்தமன்: ...வழவழன்னு கீது.

ஷாரன்: தூண்டிலுக்குப் போடற நூலுணே. டீல் போட்டு அடுத்தவன் நூல அறுக்கற பட்டம் இல்ல இது. யாரயும் அறுக்காது, நாங்களும் ரோட்டுப் பக்கம் போவ மாட்டோம். அதான் ஞாயித்துக்கெழம இந்த மைதானத்துக்கு வரோம்.

உத்தமன்: உத்தமன்னு பேரு வெச்சிகினு பொய்க்கு தலையாட்ட முடியாதுமா, அதான் கேட்டேன். அது சரி... இன்னாத்துக்கு ரெண்டு நூலு?

ஜாக்சன்: குதிரைக்கி ரெண்டு பக்கமும் கடிவாளம் மாரி. எடது இழுத்தா எடது பக்கம் திரும்பும், வலது இழுத்தா வலது. ரவுண்டு அடிக்கும், தரைய தொடறாப்ல வந்து மேல ஏறும்.

உத்தமன்: எங்க வாங்குனீங்க?

ஷாரன்: வாங்கல. இவரு வரஞ்சாரு, நான் தச்சேன். ஊட்டுலயே.

உத்தமன்: இந்த நாலு கலரையுமா? ஓரத்துல பாம்பு மாரி போவுதே தையலு...

ஷாரன்: ஜிக்ஜாக்கு. காத்துல துணி இழுத்தாலும் நூலு அறாது.

ஜாக்சன்: தையல பாத்தீங்களா தலைவரே, எங்கனா கோணல் தெரிதா?

உத்தமன்: தையலா? ரூல்தடி வெச்சி கோடு போட்டாப்ல கீது.

ஷாரன்: ...அண்ணே, ஒரு ஒதவி. பட்டத்த எடுத்துகினு அந்தாண்ட வேப்பமரம் வரைக்கும் போறீங்களா? நிமித்திப் புடிச்சி நிக்கணும், அவ்ளோதான். இவரு கத்துனா கைய எடுத்துடுங்க. மேல தூக்கிப் போட வேணாம்.

உத்தமன்: அதுக்கின்னா, போறேன். ஆனா நானும் ஒருதபா புடிச்சி பாப்பேன், சொல்டேன்.

ஷாரன்: அது... அப்புறமா பாக்கலாம்ணே.

ஜாக்சன்: கட்டாயம் குடுக்கறேன் தலைவரே. போங்க.

ஷாரன்: இன்னாத்துக்கு அவருக்கு ஆச காட்டுற? ஒடச்சி வெச்சிட்டாருன்னா?

ஜாக்சன்: ஒடஞ்சா ஒட்டிக்கலாம். ...ஷாரு.

ஷாரன்: இன்னா?

ஜாக்சன்: பயமா கீது.

ஷாரன்: இங்க பாரு. கீழ உழுந்தா எடுக்கப் போறோம். வேற இன்னா?

ஜாக்சன்: நாளைக்கி உழுந்தா யாரு எடுக்கறது?

ஷாரன்: நானு. ...நூல இழுத்துப் புடி. அண்ணன் நின்னுட்டாரு.

ஜாக்சன்: தலைவரே... உடுங்க.

ஷாரன்: ஏறுது... ஏறுது... பின்னால நட, ரெண்டு அடி... எடது, எடது இழு.

ஜாக்சன்: இழுத்துகினுதான் கீறேன்.

ஷாரன்: சாயுதுபா... வலது சாயுது...

ஜாக்சன்: பேசாத.

ஷாரன்: கை முட்டிய ஒடம்போட ஒட்டி வெய்யி...

ஜாக்சன்: பேசாதன்னு சொன்னேன்... வா... வா... நில்லு...

ஷாரன்: ...நிக்குது.

ஜாக்சன்: நிக்குதா?

ஷாரன்: நேரா நிக்குது. தலைக்கு மேல நேரா... கை நடுங்குதா?

ஜாக்சன்: நூலுதான் அதிருது. கை நடுங்கல. தொட்டுப் பாரு.

ஷாரன்: வேணாம், நான் தொட்டு கீழ உழுந்துச்சுன்னா அதுக்கும் திட்டுவ.

ஜாக்சன்: எவ்ளோ நேரமா நிக்குது?

ஷாரன்: ரெண்டு நிமிசம் இருக்கும். போதும், எறக்கு.

ஜாக்சன்: எடது ரவுண்டு போடறேன்.

ஷாரன்: வேணாம். போன வாரம் போட்டு மூக்குக் கம்பி ஒடஞ்சுது. இன்னிக்கி இது போதும்பா, நாளைக்கி வேலைக்கி போணும்...

ஜாக்சன்: நாளைக்கி போணும்னுதான் போடறேன். தள்ளிக்க.

ஷாரன்: யோவ்... சொன்னா கேளு... அய்யோ, தரைக்கி வருது... இழு, இழு, உடாத...

ஜாக்சன்: உடல. ...கண்ண தொற. சுத்தி மேல போயாச்சு.

ஷாரன்: முழு ரவுண்டா?

ஜாக்சன்: முழு ரவுண்டு. இன்னொண்ணு பாக்கறியா? ...இந்தா. ...இந்தா, மூணு.

ஷாரன்: ஆண்டவரே... ஸ்தோத்திரம். மூணும் எடது கையிலயா?

ஜாக்சன்: எடது ரவுண்ட வலது கையாலயா போட முடியும்?

உத்தமன்: அண்ணாத்தே, பின்னிட்டீங்க. ஏரில மீன் புடிக்கிறவன் கூட நிமிந்து பாத்துகினு கீறான். இப்ப எங்கிட்ட குடுங்க.

ஷாரன்: நாழியாச்சுணே, அடுத்த வாரம்...

ஜாக்சன்: சொன்ன பேச்சு தவறக் கூடாது ஷாரு. வாங்க தலைவரே. பறக்கும்போதே மாத்தி உடறேன். செவப்பு எடது கைக்கி. ரெண்டயும் சமமா புடிங்க.

உத்தமன்: கோயம்பேட்டுல பன்னெண்டு வருசம் மூட்ட தூக்குன கை இது. ஒரு காத்தாடி... ஏய்... ஏய்... இன்னாயா இது, வலதுபக்கமா போவுது...

ஜாக்சன்: எடது இழுங்க.

உத்தமன்: இழுக்கறேன்யா... இன்னும் இழுக்கணுமா... கை பின்னால வரலயே... போச்சு.

ஷாரன்: ஒடஞ்சுதா?

ஜாக்சன்: இல்ல, புல்லு மேலதான் உழுந்துச்சு. இன்னொரு வாட்டி பாக்கறீங்களா?

உத்தமன்: அட, ஒருதபா போதும். எடது கை கயண்டுகினு வந்துரும் போல கீதே. இத்த வெச்சிகினா நீங்க மூணு ரவுண்டு அடிச்சீங்க? யம்மா, உன் ஊட்டுக்காரருக்கு கை இல்ல, இரும்பு.

ஷாரன்: உள்ள நெசமாவே இரும்புதான் கீதுணே. பிளேட்டு வெச்சிகீது.

உத்தமன்: அப்டியா... தோ, தோ, அங்க ஒருத்தன் செருப்ப கயட்டிட்டு ஏரில எறங்கறான் பாரு. டேய்... நான் வரேன் அண்ணாத்தே. அடுத்த வாரம் வாங்க, நானே மரத்தாண்ட நிக்கிறேன்.

ஜாக்சன்: வரோம் தலைவரே. ...கேட்டியா, இரும்பாம். ...இன்னாடி, அழுவுறியா?

ஷாரன்: தூசி.

ஜாக்சன்: புல்லுல எங்கேந்து தூசி?

ஷாரன்: ...உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நாளைக்கி வேல முடிஞ்சி வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். கோவப்படக் கூடாது.

ஜாக்சன்: சொல்லு.

ஷாரன்: மொதல்ல கோவப்பட மாட்டேன்னு சொல்லு.

ஜாக்சன்: சொல்லுடி.

ஷாரன்: என் தையல்ல கோணல் இல்ல. உன் கையிலயும் ஒண்ணுமில்ல. எடது நூலு வலது நூல விட நாலு வெரல் நீளம். பட்டத்துகிட்ட துண்டு நூல முடிச்சுப் போட்டு மேல துணி சுத்தி வெச்சிட்டேன். மொத நாள்லேந்தே... அதான் வலது பக்கமே ஓடுச்சு. எடது கைய பின்னாலயே இழுத்துப் புடிச்சாத்தான் நேரா நிக்கும். டாக்டரு குடுத்த ஸ்பாஞ்சு பந்த ஒரே வாரத்துல பரண் மேல வீசுன. எக்ஸர்சைஸ் பண்ணுன்னா மூஞ்ச தூக்கி வெச்சிகின. ஆனா ஒரு பட்டத்துகிட்ட தோக்க மாட்ட நீ. இழுப்ப. எனக்கு வேற வழி தெரில. ஏழு வாரமா என் தையலு கோணல்னு நானே சொல்லிகினு... எனக்கு எப்டி இருந்திருக்கும், யோசிச்சி பாரு. வாயத் தொறந்து எதனா சொல்லு... கோவமா?

ஜாக்சன்: ரெண்டாவது வாரமே எனக்கு தெரியும் ஷாரு. உன் தையல கோணல்னு சொன்னேன், நீ பதிலே பேசாம தலைய ஆட்டுன. உங்க அம்மா சொல்லியிருந்தா கூட நீ உட்டிருக்க மாட்டியே. நீ சபை கூட்டத்துக்கு போன நேரமா பாத்து ரெண்டு நூலயும் நீட்டி அளந்தேன்... நாலு வெரல். மொதல்ல சொல்லாம உட்டது, கடைசில கை வரலன்னா பழி போட ஒரு நூலாவது இருக்கட்டும்னுதான். அப்புறம் ஒரு நாள் நாலு வெரலயும் இழுத்து நேரா நிக்க வெச்சிட்டேன், நீ பாக்கல. அன்னிக்கி உட்டுட்டிருந்தா கையும் அதோட நின்னுருக்கும். அதான் அதுக்கப்புறம் வாரம் ஒரு வெரலா நானும் நீட்டிகினே வந்தேன், இந்தாண்ட, செவப்பு பட்டிக்குள்ள... வெரல வெச்சி நீயே அளந்து பாரு, உன் நாலோட சேத்து இன்னிக்கி எட்டு.