தட்டில் தள்ளிய துண்டு

“உனக்கு மார்ல கட்டி வந்ததுக்கு நாந்தான் காரணம்” என்றார் கோரிப்பாளையத்தில் கொட்டாம்பட்டி பஸ்ஸுக்கு நின்ற பெரியவர், தன் மனைவியிடம். பக்கத்தில் நின்ற எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மாவின் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

“உன் ரத்தத்துல அம்புட்டுக் கொழுப்பு இருக்காம்ல. வாராவாரம் கறி எடுத்தாந்து தின்னு தின்னுன்னேன்.”

“கட்டி அதுனாலதான் வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாருல்ல?”

“மனசு கேக்கலையே.”

“கல்யாணமான நாள்லருந்து நல்ல துண்டாப் பாத்து என் தட்டுல தள்ளிவிட்டீங்க. அது தப்பா?”

அவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

பஸ் வந்தது. ஏறும்போது அந்த அம்மா சொன்னார்:

“திங்கக்கெழம ஆபரேசன். அது முடிஞ்சு வீட்டுக்கு வாரேன். கறி வேணாம். கத்திரிக்காயா இருந்தாலும் நல்ல துண்டாப் பாத்துத் தள்ளுங்க.”