பின்படிக் கதவு

(அந்தப் பூட்டை நான் பார்த்தேனா, இல்லை அதுவும் அந்தப் பையனைப் போலத்தானா? சொந்தத் தம்பி கேட்கிறபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை.)

— வேலாத்தாக்கா, நான் பேசிட்டே இருக்கறேன், நீங்க செவுத்தைப் பார்த்துட்டு இருக்கீங்க.

— கேக்குது தங்கதுரை. இன்னொருக்கா சொல்லு. நாளைக்கு வெளிநாட்டுக் கம்பெனி ஆடிட் அம்மா வந்தா நான் என்ன சொல்லோணும்?

— போன வாரம் சொன்னது தப்புன்னு சொல்லோணும். ஹாஸ்டல் பின்படிக் கதவை ராத்திரி வெளியில பூட்டறாங்கன்னு சொல்லிப்போட்டீங்கல்ல, அது பார்க்கின்சன் மாத்திரையால வந்த நெனப்புன்னு.

— மாத்திரையால.

— இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்னு டாக்டரே சொன்னாருங்க. கட்டில் ஓரத்துல ஒரு பையன் உக்காந்திருக்கான்னு நீங்க எனக்குக் காமிக்கல?

— காமிச்சேன். அதை உன்ற முதலாளிகிட்டச் சொல்லிப்போட்டியா?

— வேற வழி தெரியலீங்க்கா. ஹெச்.ஆர். நானு, வார்டன் என்ற அக்கா. பனியன் ஆர்டர் போச்சுன்னா எல்லாருமே ஊட்டுக்குப் போகோணும்.

— நீயா சொன்ன? சோத்தை அள்ளுனா வாய்க்கு வர்றதுக்குள்ள சிந்துதுன்னு நான் அழுதப்ப, நீதான டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போன. அன்னாட வேலையே நிக்குது, இனி மாத்திரை ஆரம்பிச்சரலாம்னாரு.

— பொறவு ஒரு வேளை மாத்திரை அடுத்த வேளை வரைக்கும் தாங்கலைன்னு இன்னொன்னு சேர்த்தாரு. அதுலதான் பையன் வந்தான். எல்லாத்துக்கும் நான் கூடவேதான இருந்தேன்?

— இருந்த. ஹாஸ்டல்ல இருக்கற ஒடிசாப் புள்ளைக கூட யாரு இருக்கறா? அதுக மேல தூங்குது, கீழ பூராவும் துணி மூட்டை. ஒரு பொறி விழுந்தா எங்க ஓடுங்க?

— அந்தக் கதவுல பூட்டே இல்லீங்க்கா. போய்ப் பாருங்க.

— காலையில பார்த்தேன்.

— இல்லதான?

— இல்ல. பூட்டும் இல்ல, கொண்டியும் இல்ல. படியிலயே உக்காந்துட்டேன். எனக்குப் புத்தி கெட்டுப்போச்சான்னு.

— அதைத்தானுங்க சொல்றேன். உங்க மேல தப்பில்ல. நாளைக்குச் சொல்லிப்போடுங்க, அடுத்த வாரமே அந்த மாத்திரையை மாத்திக்கலாம்.

— மாத்தியாச்சு.

— எப்பங்க?

— நீ ஷிப்மெண்ட்டுன்னு ஊட்டுக்கே வராம கெடந்தியே, அப்ப. நானே பஸ் ஏறிப் போனேன். பையன் வர்றான்னு சொன்னேன். கொஞ்சங் கொஞ்சமாக் கொறைக்கச் சொல்லி நிறுத்திட்டாரு. இப்ப வர்றதில்ல.

— அப்ப ஆடிட் அம்மாகிட்ட நீங்க பேசுனது...

— அந்தப் பையன் வர்றது நின்ன பொறவு. பூட்டைப் பார்த்ததும் அப்பறந்தான்.

— அக்கா, இது யாருக்கும் தெரிய வேண்டாங்க. உங்க கால்ல விழறேன்.

— எந்திரி. நீ விழுந்தா உன்னையத் தூக்க எனக்குக் கையில தெம்பில்ல.

— நாளைக்கு ஒரு நாள்தானுங்க்கா. ஒரே வார்த்தை.

— அந்தப் பையன் உக்காந்த எடத்துல போர்வை ஒரு நாளும் கசங்குனதில்ல, கண்ணு. காலையில படியில இருந்து எந்திரிக்கறப்ப கதவைப் புடிச்சேன். இங்க பாரு, விரல்ல. பச்சை பெயிண்ட், கதவுல காயாம இருந்துச்சு. கொண்டி இருந்த எடத்துல மட்டும் அடிச்சிருக்கறாங்க. நீ கேக்கற வார்த்தை என்ற வாயில வராது.