தமிழ்மாறன் பார்க்கக் கூடாத ஆட்டம்

எனக்கு நாள், நட்சத்திரத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது, மேடம். என் அக்கா கல்யாணத்தன்று ராகுகாலம் முடியட்டும் என்று எல்லோரும் சத்திரத்து வாசலிலேயே நின்றார்கள். நான் மட்டும் உள்ளே போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதற்காக அப்பா இன்றைக்கும் திட்டுவார். லஸ் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். கண்ணுக்குத் தெரிவதை ஒத்துக்கொள்வேன், தெரியாததை விட்டுவிடுவேன். தமிழ்மாறன் விஷயத்திலும் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

தமிழ்மாறன் என் நண்பன். மந்தைவெளியில் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். எனக்குக் கால்பந்தைக் காட்டியவனே அவன்தான். அதுவரை மற்றவர்களைப் போல நானும் கிரிக்கெட்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னைக்கென்று ஓர் அணி வந்த புதிதில் என்னை நேரு ஸ்டேடியத்துக்கு இழுத்துப்போனான். விளக்கு வெளிச்சத்தில் மைதானத்தைக் காட்டி, "புல்லப் பாரு மச்சி. நம்ம ஊர்ல இம்மாம் பச்ச வேற எங்கனா கீதா?" என்றான். அன்றிலிருந்து நானும் நீலச் சட்டைக்காரன்.

வெளியூர் ஆட்டங்களை எங்கள் நண்பன் ஷரஃபுதீன் வீட்டு மாடியில் பார்ப்போம். அவன் அப்பா சாமியானா, நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். மாடிக் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி அதில் படம் விழும்படி செய்வோம். கூடத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான நடை. அதன் கடைசியில் கல்யாண அண்டாக்களைப் போட்டு வைக்கிற அறை. ஜன்னல் இல்லை. பூட்டு எப்போதும் சாவியோடு தாழ்ப்பாளில் தொங்கிக்கொண்டிருக்கும்.

தமிழ்மாறன் ராசியில்லாதவன் என்பதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஷரஃபுதீன்தான் விளையாட்டாக ஆரம்பித்தான். ஒரு நாள் நாம் முன்னிலையில் இருந்தபோது தமிழ்மாறன் தாமதமாக வந்தான். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்வதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டது. "டேய் சனியனே, போய் படிக்கட்டுல நில்லு," என்றான் ஷரஃபுதீன். இவனும் சிரித்துக்கொண்டே போய் நின்றான். நம் ஆள் கோல் அடித்தான். பிறகு தமிழ்மாறன் தன் தாயார் பொன்மணி அம்மாவை டாக்டரிடம் அழைத்துப்போன அன்று ஜெயித்தோம். கூடவே உட்கார்ந்த அன்று தோற்றோம். நான் எதையும் நம்பவில்லை, மேடம். பார்த்தேன், அவ்வளவுதான்.

"நான் இன்னாடா பாவம் பண்ணேன்? என்னிய பாத்தா பந்துக்கு வெக்கமா கீதா?" என்று கேட்பான். ஆனாலும் ஒத்துழைத்தான். முக்கியமான ஆட்டங்களின்போது அடையாறில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விடுவான். போனை அணைத்துவிடுவதாக என் தலையில் கை வைத்துச் சொல்லுவான். ஆட்டம் முடிந்ததும் முதல் ஆளாக நான்தான் சித்தியின் போனில் கூப்பிட்டு முடிவைச் சொல்லுவேன். ஜெயித்திருந்தால் அங்கே சித்தி வீட்டுத் தெருவில் தனியாக ஆடுவான். தோற்றிருந்தால், "நான் பாக்கலியேடா, அப்பறம் ஏன்டா?" என்பான். அவனுக்கு நான் ஆறுதல் சொல்லுவேன்.

இந்த முறை அரையிறுதி. எதிரே பெங்களூர், அவர்கள் ஊரிலேயே. அந்த வாரம் நாங்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. நம் முன்கள ஆட்டக்காரனின் தொடையில் கட்டு இருந்த படத்தை, எங்களோடு ஆட்டம் பார்க்கிற ஜெயஸ்ரீ பெரிதாக்கிப் பெரிதாக்கி எல்லோருக்கும் காட்டினாள். அது உதைக்கும் காலா, ஊன்றும் காலா என்று ஒரு சாயங்காலம் முழுவதும் பேச்சு. போன வெற்றிக்குப் பிறகு அவள் நீலச் சட்டையைத் துவைக்கவே இல்லை. வீட்டில் அவள் அம்மா அதை மொட்டை மாடியில் தனியாகத் தொங்கவிடச் சொல்லிவிட்டாராம். "தண்ணிதான் தர மாட்டேன்றானுங்க, ஒரு கோலாவது தரட்டுமே," என்று ஷரஃபுதீன் சொல்லிக்கொண்டிருந்தான். சிரித்தோம். பெங்களூரிடம் தோற்றால் அடுத்த நாள் வேலைக்குப் போவது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதுதான் கஷ்டம்.

அந்த வாரத்தில்தான் மந்தைவெளி ஸ்டேஷன் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தோம். போன முறை பெங்களூரிடம் கடைசி நிமிடத்தில் தோற்றதைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் கோல்கீப்பரைக் குறை சொன்னேன்.

"அவன் இன்னா பண்ணுவான்? பந்து நம்மாளு முட்டியில பட்டுத் திரும்பிச்சு. அவன் அதுக்குள்ள இப்டி சாஞ்சுட்டான்," என்று தமிழ்மாறன் டீ கிளாஸோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து காட்டினான்.

"ஹைலைட்ஸ்ல பாத்தியா?" என்று கேட்டேன்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "இல்ல மச்சி. லைவ்வுல. சித்தி வூட்டு மாடில, போன்லதான். இத்துனூண்டு ஸ்க்ரீன்டா அது. அதுக்கெல்லாமா ராசி வரும்?" என்றான்.

"எத்தினி ஆட்டம்?"

"வுடேன்டா."

எனக்குக் கோபம் வரவில்லை. கடையில் சிலருக்குச் சரியான பவர் கண்ணாடியை மாட்டியதும் எதிரே இருக்கிற போர்டை வாய்விட்டுப் படிப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? அப்படித்தான் எனக்கு ஒவ்வொரு தோல்வியும் தெளிவாகத் தெரிந்தது. எனக்குச் சத்தியத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவன் வார்த்தையில் இருந்தது. நான் ஆறுதல் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவன் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி என்னிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு அம்மாவிடம்கூட நன்றாகத்தான் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம். எல்லோரும் வந்து உட்கார்ந்தபோது தமிழ்மாறன் நீலச் சட்டையோடு படியேறி வந்தான். தோளில் பை. "இன்னிக்கி நானும் பாக்கறேன்டா. முடியல. தோத்தா என்னியத் தூக்கி மெரினாவுல போடுங்க," என்றான்.

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஷரஃபுதீன் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டான். "வுடுங்கடா, வரட்டும். இவன் பாக்கறதால பந்து வளஞ்சா போவும்?" என்றான். எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தவனே அப்படிச் சொன்னான், மேடம். ஜெயஸ்ரீ நகர்ந்து இடம் கொடுத்தாள். அந்தக் கூடத்தில் இதை உண்மையாக எடுத்துக்கொண்டவன் நான் ஒருவன்தான் என்று அப்போதுதான் புரிந்தது. அத்தனை பேரும் இவ்வளவு காலம் என்னோடு விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நானும் சரி என்றேன். பிறகு, உட்கார ஜமக்காளம் போதவில்லை, பின்னறையிலிருந்து எடுத்து வரலாம் வா என்று அவனைக் கூப்பிட்டேன். பையை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தான். அவனை முன்னால் விட்டேன். உள்ளே போனதும் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அவன் முதலில் சிரித்தான். "டேய், வெளாடாத. தொறடா," என்றான்.

கூடத்துக்கு வந்து, அவன் மனசு மாறிக் கிளம்பிவிட்டான், நாம் ஜெயிக்க வேண்டும் என்று கடற்கரைக்குப் போய்விட்டான் என்று சொன்னேன். ஜெயஸ்ரீக்குக் கண் கலங்கிவிட்டது. "அவன்தான்டா ரசிகன்," என்றான் ஷரஃபுதீன். விசில் அடிப்பதற்கு முன் எல்லோரும் அவன் பெயரைச் சொல்லி ஒரு முறை கத்தினார்கள். அவனுக்கும் கேட்டிருக்கும்.

பையைப் பற்றிக் கேட்டீர்கள். அதை எடுத்து என் நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். அதில் அவன் போன் இருந்தது. போன் அடித்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். போனை மட்டும் எடுத்து அணைத்திருக்கலாம்தான். அடுத்தவர் பையைத் துழாவுவது எனக்குப் பிடிக்காது. அதில் மிட்டாய் இருப்பதும் எனக்குத் தெரியும்.

தமிழ்மாறனுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், அப்புறம் மயக்கம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பொன்மணி அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். "நீ கூட கீறன்னுதான் நான் நிம்மதியா வேலைக்குப் போறேன் நைனா," என்பார்கள். என் சட்டைப் பையிலும் எப்போதும் ஒரு மிட்டாய் இருக்கும். அன்றைக்கும் இருந்தது.

ஊசி போட்டிருந்தானா என்று கேட்டால், போட்டிருந்தான். மத்தியானம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை, பதற்றம். கீழே பிரியாணி வந்துவிட்டது என்று ஷரஃபுதீன் சொன்னதும் சட்டையைத் தூக்கி வயிற்றில் போட்டுக்கொண்டான். ஊசியின் மூடி உருண்டு போனபோது எடுத்துக் கொடுத்தவன் நான்தான். அதற்குப் பிறகுதான் ஜமக்காளம் எடுக்கக் கூப்பிட்டேன். வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

முதல் பாதியில் கோல் விழவில்லை. பெங்களூர் பந்து ஒரு முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இடைவேளையில் எல்லோரும் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நான் நடைக்குப் போய்க் கதவருகே நின்றேன்.

"மச்சி," என்றான். நான் வந்தது அவனுக்கு எப்படித் தெரிந்ததோ. "நான் ஆட்டம் பாக்கல. சத்தியமா பாக்கல. இங்கியே இருக்கறேன். ஒரு மிட்டாய் மட்டும் கீழ தள்ளு."

கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தது. மிட்டாய் தாராளமாகப் போயிருக்கும். நான் அதைக் கையில் எடுத்துவிட்டேன். ஒரு முறை ஏமாற்றியவன், இதுவும் நடிப்பாக இருக்கலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் நாக்கு குழறியது. அந்தக் குழறலை எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும், அதை நடிக்க முடியாது. கூடத்தில் ஆட்டம் தொடங்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பிவிட்டேன்.

இரண்டாம் பாதியில் அவன் அண்டாவைத் தட்ட ஆரம்பித்தான். பெரிய அண்டா, மேடம். ஐந்நூறு பேர் கல்யாணத்துக்கு வைக்கிறது. நல்ல சத்தம். "பின்னாடி வூட்ல எவனோ நமக்கு மேளம் அடிக்கறான்டா!" என்று ஷரஃபுதீன் குதித்தான். எல்லோரும் அந்தத் தாளத்துக்குக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். முதலில் வேகமாக இருந்தது. அப்புறம் இடைவெளி விழுந்தது. தட்டல் மெதுவாக மெதுவாக, கூடமும் கைதட்டலை மெதுவாக்கியது. பெரிய ஸ்டேடியங்களில் அப்படித் தட்டுவார்கள், கேட்க உடம்பு சிலிர்க்கும். பிறகு தட்டல் நின்றது. கொஞ்ச நேரத்தில் தொடையில் கட்டுப் போட்டிருந்தவன் தலையால் முட்டி கோல் போட்டான். அதே நிலையில் ஆட்டம் முடிந்தது. ஜெயித்துவிட்டோம்.

தெருவில் இறங்கி மார்க்கெட் வரை ஆடிக்கொண்டே போனோம். திரும்பி வந்த பிறகுதான் கதவைத் திறந்தேன். அண்டாவைக் கட்டிக்கொண்டு கிடந்தான். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. பூட்டை எடுத்து மறைத்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டேன். போவதாகச் சொல்லிவிட்டு, சத்தத்தையாவது கேட்கலாம் என்று இங்கேயே ஒளிந்துகொண்டிருக்கிறான் என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். ஜெயஸ்ரீ தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் எதையும் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவன் நான்தான். பொன்மணி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்ததாலதான் என் புள்ள உசுரோட வந்தான் நைனா," என்றார்கள். மூளைக்கு ரொம்ப நேரம் சர்க்கரை கிடைக்கவில்லை, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அவன் இன்னும் கண் திறக்கவில்லை.

யாரும் புகார் கொடுக்காதபோது நீயாக ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். மனசு உறுத்தி வந்தான் என்று எழுதிவிடாதீர்கள். அவன்தான் என்னை ஏமாற்றினான், நான் அவனிடம் எதையும் மறைத்ததில்லை.

நேற்று ஷரஃபுதீன் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். கண் திறக்காவிட்டாலும் காது கேட்கலாம், அவனுக்குப் பிடித்ததைக் கேட்க விடுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். அதைப் போனில் போட்டு, அவன் காதோரம் வைக்கப் போகிறார்கள். "கோலுன்னு சத்தம் கேட்டா என் புள்ள முழிச்சிக்கும்," என்கிறார்கள் அம்மா. வேண்டாம், தூங்கட்டும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். முதல் முறையாக அவர்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. போலீஸ் சொன்னால் கேட்பார்கள்.

நான் உள்ளே போகத் தயார், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிவிட்டால் போதும், மேடம். பார்த்தால்தானே ராசி, காதால் கேட்டால் ஒன்றும் ஆகாது என்கிறான் ஷரஃபுதீன். அன்றைக்கும் தமிழ்மாறன் அந்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் கேட்பது நின்ற பிறகுதான் கோல் விழுந்தது.