முன்சக்கரத்துக்கு வேறு பல்

மேலே பெயர் எழுதப்பட்டுள்ள நான், வயது நாற்பத்து மூன்று, மணமாகாதவள், அச்சகத்துக்கு மேல்மாடியில் உள்ள இரண்டு அறை வீட்டில் என் தாயாருடன் குடியிருந்து வருகிறேன். சொந்தமாக ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப் வைத்து, மலைமேல் இருக்கும் மருத்துவமனைக்குச் செவிலியர்களைக் காலையில் ஏற்றிப்போய் மாலையில் இறக்கிவிடும் வேலை செய்கிறேன். என் வண்டியில் ஏறிய ஒருவருக்கும் இதுவரை கீறல்கூட விழுந்ததில்லை. இப்போது மூத்த செவிலியருக்குக் காரையெலும்பு முறிந்து, நான் கவனக்குறைவாக ஓட்டியதாக வழக்கு ஆகியிருக்கிறது. வழக்கு நிரூபணமானால் என் உரிமம் போய்விடும் என்று தெரிவித்தார்கள். ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது.

என் வண்டி சாதாரணமாகப் பின்சக்கர இழுவையில் ஓடும். சேறு, வழுக்கல் வந்தால் பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரைப் போட்டு நான்கு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கவைக்கலாம். வெயில் காலம் முழுக்க அதற்கு வேலையே இருக்காது. வண்டியில் எந்தப் பழுது வந்தாலும் என் உடன்பிறந்த தம்பியின் பட்டறைக்குத்தான் கொண்டுபோவேன். கோடையில் கிளட்ச் மாற்ற அவனிடம் விட்டேன். அவன் சில நாள் கூடுதலாக வைத்திருந்துவிட்டு, வண்டியைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று கொடுத்தான். அக்காவின் வண்டி என்று பார்த்துச் செய்திருக்கிறான் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அதன்பிறகு முதல் மழை பெய்த அன்று மேட்டில் சின்ன லீவரைப் போட்டேன். போட்டதும் யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பது போல வண்டி திணறியது. அடியில் டக் டக் என்று அடித்தது. திருப்பத்தில் ஸ்டியரிங் கல்லாய் இறுகியது. காய்ந்த சாலைக்கு வந்து லீவரை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. வண்டியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திய பிறகுதான் தானே விடுபட்டது. அதன்பிறகு இரண்டாவது கியரும் இறக்கத்தில் துள்ளி வெளியே வர ஆரம்பித்தது. நேற்றுவரை தேனாய் ஓடிய வண்டி ஒரே மழையில் இப்படி ஆகுமா என்று மனது கேட்கவில்லை.

அன்றே தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் வண்டியை மேடைக்கு ஏற்றவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. கியர்பாக்ஸ் ஆயிலை மட்டும் மாற்றினான். "உனக்கு லீவர் போடத் தெரியலக்கா. துடுப்பு போடற மாதிரி இழுத்தா எந்த வண்டி தாங்கும்?" என்றான். பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று என் காதுபடவே சொன்னார். நானும் அசடு போலச் சிரித்துவிட்டு வந்தேன். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, மறுநாளிலிருந்து லீவரைப் பூப்போலத் தொட்டேன்.

விபத்து நடந்த அன்று காலையில் நல்ல மழை. மருத்துவமனைக்குக் கீழே உள்ள கடைசி வளைவுக்கு முன்னால் வண்டியை முழுவதுமாக நிறுத்தி, அதன்பிறகே சின்ன லீவரைப் போட்டு ஏறினேன். பாதி மேட்டில் அடியில் பெரிய சத்தத்துடன் ஒரு உதறல் வந்தது. நான் தொடாமலே சின்ன லீவர் துள்ளி நடுவில் வந்து நின்றது. நடுவில் நின்றால் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வண்டி பின்னால் உருண்டது. பிரேக்கை முழுவதும் மிதித்தேன், ஈரத்தில் சக்கரம் வழுக்கியது. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச்சுவர்ப் பக்கம் ஒடித்து மோதவிட்டேன். மூத்த செவிலியர் கதவில் இடிபட்டார். அவர் வலியிலும் மற்ற பெண்களை எண்ணிப் பார்த்தார், என்னை ஒரு சொல் சொல்லவில்லை. வண்டியைச் சோதித்த அதிகாரி, பிரேக் சரியாக உள்ளது என்று எழுதிவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். பிரேக் சரி என்றால் தப்பு ஓட்டியவள் மேல் என்று ஆகிவிட்டது.

அதன்பிறகு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கியர்பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கும் இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். நீண்ட ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்து எஞ்சினைக் கேட்பதால் அவரை எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். டாக்டர் ஆயிலை வடித்து முகர்ந்தார். தீய்ந்த வாடை வந்தது, இரும்புத்தூள் மின்னியது. அடுத்து நான்கு டயரும் ஒரே அளவுதானா என்று பார்த்தார். ஒரே அளவு. அதன்பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரங்களிலும் சக்கரத்தைச் சுற்றவைக்கும் நீண்ட தண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு சக்கரத்தையும் நானும் அவருமாகச் சேர்ந்து ஒரு சுற்று சுற்றினோம். தண்டு நான்கு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியது. முன்பக்கம் அதேபோலச் செய்தபோது நான்கரைச் சுற்று வந்தது. நான் திரும்ப ஒருமுறை சுற்றச் சொன்னேன். அதே நான்கரை.

"முன்னாடி இருக்கிற கிரவுன் இந்த வண்டியோடது இல்லம்மா," என்றார் டாக்டர். கிரவுன் என்பது இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் பெரிய பல்சக்கரம். பின்னால் ஒரு பல் கணக்கு, முன்னால் வேறு பல் கணக்கு. சின்ன லீவரைப் போடாதவரை ஒன்றும் தெரியாது. போட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று இழுத்து மல்லுக்கட்டும், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் நடுப்பெட்டி நொறுங்கும் என்று விளக்கினார். அதன்பிறகு அடியில் படுத்துப் பார்த்தவர் சிரித்தார். "எவனோ ரசிகன் போல. போல்ட்டுக்கு நகப்பூச்சு போட்டிருக்கான் பாருங்க."

நானும் படுத்துப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் பழைய சேறு, முன்கிரவுன் இருக்கும் பெட்டியின் போல்ட்டுகள் மட்டும் புதிதாகக் கழற்றி மாட்டியவை. ஒவ்வொன்றின் தலையிலும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு. முறுக்கி முடித்த போல்ட்டை அடையாளம் வைக்க என் தம்பி நகப்பூச்சுதான் போடுவான். கடையில் போய் அதைக் கேட்க வெட்கப்படுவான் என்று, சீசா தீரும்போதெல்லாம் வாங்கிக் கொடுத்தது நான். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். வண்டிக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். டாக்டர் என்ன ஆயிற்று என்று கேட்டார், கண்ணில் ஆயில் பட்டுவிட்டது என்றேன்.

அதன்பிறகு தம்பியின் பட்டறைக்குப் போனேன். கோடையில் அவன் என் வண்டியைப் போன்றே ஒரு ஜீப்பைத் தயார் செய்து ஒருவருக்கு விற்றது எனக்குத் தெரியும். அந்த ஜீப்பின் முன்கிரவுன் பல் உடைந்திருந்ததா, என்னுடையதைக் கழற்றி அதில் மாட்டினாயா என்று நேராகக் கேட்டேன். முதலில் மழுப்பினான். சாக்பீஸ் கோட்டைப் பற்றிச் சொன்னதும் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"வெயில் காலத்துலதான் நீ ஃபோர் வீல் போடவே மாட்டியேக்கா. வாங்கறவன் அவசரப்படுத்தினான். அப்புறமா வேற தேடி மாட்டிக்கலாம்னு இருந்தேன்."

"மழையில வந்து காட்டினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"எல்லாரும் இருந்தாங்க. எப்படிச் சொல்றது?"

"போலீஸ் கேட்டப்ப?"

"சொன்னா என் கடைக்கு எவன் வருவான்? நீ ஓடும்போதே லீவரை இழுப்பேன்னு சொல்லிட்டேன். உனக்கு லேசா ஏதாவது போட்டு விட்டுருவாங்கக்கா."

பல் சேராது என்று தெரிந்தேதான் மாட்டியிருக்கிறான். தெரிந்தேதான் அந்த வண்டியில் அத்தனை பெண்களையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறவிட்டிருக்கிறான். அது எனக்குத் தாங்கவில்லை.

அதன்பிறகு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "விட்டுக்குடும்மா. உனக்கு லைசென்ஸ் போனா வேற ஏதாவது பாத்துக்கலாம். அவன் பேரு போனா கடையில ஈ கூட நுழையாது. தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க," என்றார். யாருக்காக யார் சதை ஆட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது தம்பியின் சட்டை. ஆனாலும் அம்மா சொல்லைத் தட்ட மனம் வரவில்லை.

எனவே இன்று காலை காவல் நிலையத்துக்கு வந்தபோது, வண்டியில் ஏதோ கோளாறு இருந்தது, யார் செய்தது என்று தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதாகத்தான் இருந்தேன். எழுதத் தொடங்கும் முன் உதவி ஆய்வாளர், மெக்கானிக் என்ற முறையில் என் தம்பி கொடுத்திருந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். ஓடும்போதே லீவரை இழுக்கும் பழக்கமுள்ளவள் என்று அதில் இருந்தது. அதை அவன் வாயாலேயே கேட்டுவிட்டதால் புதிதாக வலிக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். வண்டி உரிமையாளர் உங்களுக்கு உறவா என்ற கேள்விக்கு, "உறவு இல்லை. கடைக்கு வரும் வாடிக்கையாளர்" என்று பதில் சொல்லியிருந்தான். உறவென்றால் சொல்லுக்கு எடை குறையும் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கீழே அவன் கையெழுத்து இருந்தது. அதில் அப்பாவின் பெயரின் முதல் எழுத்து என்னுடையதைப் போலவே இருந்தது. அதன்பிறகுதான் நடந்ததை முழுவதும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

மெக்கானிக் மீது புகார் கொடுக்கிறீர்களா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அக்காவாக இருந்தால் கொடுக்கமாட்டேன், வாடிக்கையாளராகக் கொடுக்கிறேன் என்று சொன்னேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. உடன்பிறந்த தம்பி என்று வரும் இடத்தை அடித்துவிடலாமா என்று எழுத்தர் கேட்டார். வேண்டாம், அதுவும் உண்மைதான் என்று கூறிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)