நாலாவது பேரு

இல்ல சார், பார்சல்ல அட்ரஸ் முழுசாத்தான் எழுதியிருக்கேன். அந்த ஊர்ல தெரு பேரே கெடையாது. கனடாவுல மேல, ஐஸ்லயே இருக்கற ஊரு. தபால் பெட்டி நம்பரும் ஊர் பேரும் போதும், போய்ச் சேர்ந்துடும். ஆமா, எஸ்கிமோன்னு ஸ்கூல்ல படிச்சோமே, அவங்கதான். அப்படிச் சொன்னா அவங்களுக்குப் பிடிக்காது சார், இனூயிட்னு சொல்லணும். என்னையே அந்தம்மா திருத்தினாங்க.

எலிசாபின்னு பேரு. கொழந்தைங்களுக்குக் கதை எழுதறவங்க. நான் பொம்மனஹள்ளியில டிடிபி வேலை பாக்கறேன், வெளிநாட்டுப் புஸ்தகமெல்லாம் பக்கம் போட எங்ககிட்ட வரும். அவங்க எழுத்து முக்கோணமும் கொக்கியுமா இருக்கும், ஒரு எழவும் புரியாது. பக்கத்துலயே இங்கிலீஷ் இருக்கும். அதுல ஒரு அம்மா, மூணு வயசுப் பையனை அப்பான்னு கூப்பிடறா. தப்பா அடிச்சிட்டாங்கன்னு நானே பெரிய மேதாவி மாதிரி பதினோரு எடத்துலயும் மகன்னு மாத்திட்டேன்!

வீடியோவுல வந்தாங்க. திட்டப்போறாங்கன்னு பயந்துக்கினு உக்காந்தா, விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. அப்புறம் சொன்னாங்க. செத்துப்போனவங்க பேரைப் பொறக்கற கொழந்தைக்கு வெப்பாங்களாம். வெச்சா, அந்தக் கொழந்தை அவங்களேதானாம். அந்தப் பையனுக்கு அம்மாவழித் தாத்தா பேரு, அதனால பெத்தவளே அவனை அப்பான்னுதான் கூப்பிடணுமாம்.

சின்ன வயசுல அந்தம்மாவை ஹாஸ்டல் ஸ்கூல்ல போட்டு, சொந்த பாஷை பேசினா அடிப்பாங்களாம். அதே பாஷையில பதினாலு புஸ்தகம் எழுதினாங்க சார். என்னா வைராக்கியம் பாருங்க.

நான் வீட்லருந்து வேலை பாக்கறப்ப எம்பொண்ணு ரக்ஷிதா மடியில ஏறிக்குவா. அந்தம்மா வீடியோவுல விரல்ல கயிறு மாட்டி கரடி, முயலெல்லாம் செஞ்சு காட்டுவாங்க. இவ என் பாவாடை நாடாவை உருவிக்கினு வந்து கத்துக்குவா, வாலு.

ஏழு வயசு சார். டெங்கு. நாலே நாளு.

வேணாம் சார், தண்ணியெல்லாம் வேணாம். சொல்லி முடிச்சிடறேன்.

காரியம் முடிஞ்ச வாரமே அந்தம்மா மெயில் போட்டாங்க. அவங்க பொண்ணு முழுகாம இருக்காளாம், பொறக்கற கொழந்தைக்கு ரக்ஷிதா பேரை வெச்சுக்கலாமான்னு. எங்கருந்துதான் வந்துச்சோ அப்படி ஒரு கோவம். மண்ணுகூடக் காயல, அதுக்குள்ள பேரைக் கேக்கறாங்களேன்னு. எம்புள்ள பேரைத் தொடாதீங்கன்னு எழுதிட்டேன். அவங்க பேரு கேக்கறதுக்கு அர்த்தம் தெரிஞ்சும் எழுதினேன் சார், அதான் தாங்கல. அதுக்கப்புறம் அஞ்சு மெயில் போட்டாங்க, ஒண்ணைக்கூட நான் தொறக்கல.

போன மாசம் அவங்க தவறிட்டாங்க. அவங்க பொண்ணு எழுதியிருந்தா. அங்க ஒரே கொழந்தைக்கு நாலஞ்சு பேருகூட வெப்பாங்க, இந்தக் கொழந்தைக்கு மூணு வெச்சாங்களாம். நாலாவதுக்கு எடம் விட்டு வையி, காந்தாவுக்கு, அதான் எனக்கு, மனசு ஆறினா அவளே குடுப்பான்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. குடுத்துட்டேன் சார், முந்தாநேத்து. சரின்னு ஒரு வார்த்தை எழுத எனக்கு மூணு நாளாச்சு. படிக்கத்தான் அவங்க இல்ல.

உள்ளயா? ஒரு காட்டன் ஃப்ராக்குதான். அந்தக் குளிருக்கு ஆகாதுன்னு எனக்கும் தெரியும்.

அந்த கஸ்டம்ஸ் ஃபாரத்துல கிஃப்ட்னு டிக் பண்ணாதீங்க சார். மத்ததுன்னு இருக்கே, அதுல போடுங்க. கிஃப்டு வேத்து மனுஷங்களுக்குக் குடுக்கறது. இது எம்பொண்ணோட ஃப்ராக்கு, எம்பொண்ணுக்குத்தான் அனுப்பறேன்.